நந்தி விலகிய சந்நிதி

ஆலயம் என்பதற்கு ஆன்மா லயிக்கும் இடம் என்று பெரியோர் பொருள் கூறுவர். அவ்வாறாயின் ஆலய வாசலில் வந்து நிற்பது ஆன்மாவே ஆகும். ஆயினும் நடைமுறையில் மனிதர் பார்ப்பது உடலைத்தான். எந்த உடல் எந்த வரிசையில் நிற்க வேண்டும், என்ன உடுத்தியிருக்க வேண்டும், எந்த உடலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பனவெல்லாம் ஊர் வழக்கமாக இருந்து வருகின்றன.

கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரையான நாட்களில் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஊர்ப்பிள்ளைகள் வந்து சேர்வார்கள். தேர்வடம் பிடிப்பதற்கென்றே லீவு எடுத்து வருபவர்களும் உண்டு. ஆனால் திருவிழாவுக்கு வராமலே இருந்துவிடும் பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. யாரேனும் விசாரித்தாலும் வீட்டார் கதையை மாற்றிவிடுவார்கள். ஆண் எனப் பெயரிட்டு வளர்க்கப்பட்டும் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தவர்கள், பெண் என வளர்க்கப்பட்டும் தம்மை ஆணாகவே உணர்ந்தவர்கள், தம் பாலைச் சேர்ந்தவர் மீதே இயல்பாக நேசம் கொள்பவர்கள் ஆகியோர் இந்த வராத பிள்ளைகளுள் இருக்கிறார்கள். முதலாமவரைத் திருநங்கை என்றும், இரண்டாமவரைத் திருநம்பி என்றும், மூன்றாமவரை ஒருபாலீர்ப்பினர் என்றும் இக்காலத்தில் மரியாதையாக அழைக்கின்றனர்.

அவர்களுக்கு ஆலயத்தில் இடம் உண்டா? உண்டெனில் எத்தகைய இடம்? சைவ சமயத்தின் அடிப்படைகளைக் கொண்டே சிந்திக்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆன்மாவுக்குப் பால் உண்டா?

பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் என்றும் உள்ள பொருள்கள் என்று சைவசித்தாந்தம் கூறும். பசுவாகிய ஆன்மா ஆணுமன்று, பெண்ணுமன்று. ஆணவ இருளிற் கிடக்கும் ஆன்மா தெளிவு பெறும்பொருட்டு இறைவன் தன் கருணையினால் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் அதற்குக் கொடுத்தருளுகிறான். தனு என்பது உடல். கரணம் என்பது மனம் முதலிய கருவிகள். புவனம் என்பது வாழும் உலகம். போகம் என்பது நுகரும் பொருள். ஆண், பெண் என்னும் வேறுபாடு இவ்வாறு கொடுக்கப்பட்டவற்றைச் சார்ந்ததேயன்றி ஆன்மாவைச் சார்ந்ததன்று.

இறைவனும் ஒரு பாலுள் அடங்குபவன் அல்லன். அர்த்தநாரீசுவரராக ஒரே திருமேனியில் ஆணும் பெண்ணுமாக நிற்கிறான். திருச்செங்கோட்டில் அத்திருக்கோலமே மூலவராக விளங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணுக்குத் தாயின் வடிவில் வந்து உதவியமையால் அவனுக்குத் தாயுமானவர் என்பதே திருநாமமாயிற்று. திருமால் மோகினி வடிவெடுத்தமையால் அவதரித்தவர் ஐயப்பன் என்று நம்பி, இலங்கைச் சைவ மக்கள் ஆண்டுதோறும் மாலையணிந்து விரதம் காக்கிறார்கள். மாணிக்கவாசக சுவாமிகளோ இறைவனை ஆண் என்றும் பெண் என்றும் சொன்னதோடு நில்லாது, அலி என்றும் திருவாசகத்திற் போற்றியிருக்கிறார். இறைவனைத் துதிக்க உதவிய அந்தச் சொல், ஒழுங்கையில் நடந்துபோகும் ஒருவரை நோக்கி எறியும் கல்லாக இன்று மாறிவிட்டது.

தமிழ் இலக்கணமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டைச் சொல்லி, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரையும் உயர்திணையிடத்து வைத்தே விதி கூறுகிறார். அவர்களைக் கேலியாக ‘அது’ என்று சுட்டிப் பேசுவோர் அறத்தோடு இலக்கணத்தையும் சேர்த்தே பிழை செய்கின்றனர்.

மறுப்பவர் கூறும் காரணங்கள்

இவ்விடயத்தில் தயங்குவோர் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். அவர்கள் கூறும் காரணங்களையும் பொறுமையாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது காரணம் வினை. இப்படிப் பிறப்பது முற்பிறப்பிற் செய்த பாவத்தின் பயன் என்பர். பழைய நூல்களில் இதற்கு இடமே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. முருகப்பெருமானுக்கு ஔவையார் விடை கூறியதாக வழங்கும் பாடலில் கூன், குருடு, செவிடு என்பவற்றோடு பேடும் ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது. ஆனால் வினைக் கொள்கையைச் சற்று ஆழமாக நோக்கினால், எல்லா உடலும் வினைக்கு ஈடாக வந்த உடலே என்பது புலனாகும். கோயில் தர்மகர்த்தாவின் உடலும், தேரில் ஏறி நிற்கும் குருக்களின் உடலும், வாசலில் யாசிப்பவரின் உடலும் அவ்வாறு வந்தவையே. அப்படியிருக்க ஒருவரின் உடலை மாத்திரம் வினையின் அடையாளம் என்று சுட்டுவது எவ்வாறு பொருந்தும்? மேலும் வினையைக் கணக்கிட்டு ஊட்டுவது இறைவனின் செயல். அந்தக் கணக்கை அயலவர் கையில் அவன் கொடுக்கவில்லை. அயலவருக்கு விதிக்கப்பட்டது சீவகாருண்ணியம் ஒன்றுதான். துன்புறுபவரைக் கண்டு அவர் வினையை ஆராய்ந்து கொண்டிருப்பவர் தமக்குப் புதிதாக ஒரு வினையைத் தேடிக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம் உடல். இறைவன் கொடுத்த உடலை மாற்றுவது அவன் சித்தத்துக்கு மாறானது என்பர். இறைவன் கொடுத்தது தனு மாத்திரம் அன்று. கரணத்தையும் அவனே கொடுத்தான். உடல் ஒன்று சொல்ல, நினைவு தெரிந்த நாள் முதல் உள்ளம் வேறொன்று சொல்லுமாயின், இரண்டுள் ஒன்றுதான் இறைவன் தந்தது என்று தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. கண்ணில் வெண்படலம் படர்ந்தால் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கு அதைத் தைத்து ஒட்டுகிறார்கள். அவற்றை இறைவனுக்கு எதிரான செயல் என்று எவரும் கூறுவதில்லை. காரைக்கால் அம்மையார் தம் கணவன் நீங்கியபின், அவன் பொருட்டுத் தாங்கிய அழகிய உடலை உதறிப் பேய் வடிவு பெறவேண்டுமென வேண்டினார். அவருடைய நிலை வேறு, திருநங்கையரின் நிலை வேறு என்பது உண்மையே. ஆயினும் பிறந்த உடலை விட்டு வேறு வடிவை வேண்டிய அடியவரை இறைவன் கடிந்து கொள்ளவில்லை. வேண்டியதைக் கொடுத்து, அம்மை என்றும் அழைத்தான்.

மூன்றாவது காரணம் குடும்பம். இல்லறமும் சந்ததியும் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். கலியாணம் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஊர்களில் உண்டு. இதனால் கெடுவது ஒரு வாழ்வு மாத்திரம் அன்று. உண்மையை அறியாமல் மணவறையில் வந்து அமரும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் கெடுகிறது. பொய்யின் மீது எழுப்பிய இல்லறத்தை அறம் என்று சொல்ல முடியாது. மணம் புரியாதவர் வாழ்வு வீண் என்பதும் சைவ மரபன்று. திலகவதியார் மணமின்றியே திருவதிகையில் தொண்டு புரிந்து வாழ்ந்தார். அவர் வேண்டியமையாலேயே தம்பி நாவுக்கரசர் சைவத்துக்கு மீண்டார்.

நான்காவது காரணம், இது மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்பது. உண்மை இதற்கு மறுதலையானது. விராட நகரத்தில் அருச்சுனன் ஒரு வருட காலம் பிருகன்னளையாக வாழ்ந்து இளவரசி உத்தரைக்கு நடனம் பயிற்றிய கதையையும், சிகண்டியின் கதையையும் மகாபாரதம் கூறும். பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மன் முன்றலில் கூடும் மக்கள் அந்தக் காவியத்தோடு வளர்ந்தவர்கள். தமிழகத்தின் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதத்தில் திருநங்கையர் அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்ளும் விழா இன்றும் நடைபெறுகிறது. இலங்கைக்கு மேல்நாட்டிலிருந்து வந்தது தண்டனைச் சட்டந்தான். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 365 ஆம், 365அ ஆம் பிரிவுகளைக் கொண்ட தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் ஆட்சியில் 1883 இல் ஆக்கப்பட்டது. சைவ ஆகமம் எதுவும் அதற்கு மூலமன்று.

மருத்துவமும் சட்டமும் கூறுவன

உலக சுகாதார நிறுவனம் 1990 இல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 தை மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில், திருநர் நிலையும் மனநோய்களின் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. எனவே பிள்ளையைப் பேய் பிடித்ததாக எண்ணி விபூதி போட்டு அடிப்பதும், நூல் கட்டுவதும், பட்டினி போடுவதும் நோய்க்கு மருந்தாகா. அவை பிள்ளைக்குச் செய்யும் கொடுமைகளே.

இலங்கைச் சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி திருநங்கையரும் திருநம்பியரும் மனநல வைத்தியரிடம் பால்நிலையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழிலும் மாற்றம் செய்வதற்கு வழி பிறந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் மேற்கூறிய பிரிவுகளைத் திருத்துவதற்காக முன்வைக்கப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

அயலிலுள்ள தமிழகம் இவ்விடயத்தில் சில படிகள் முன்னே சென்றிருக்கிறது. 2008 இல் அங்கே திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. தூத்துக்குடியில் ஓர் ஆலயத்தில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, இந்து திருமணச் சட்டம் கூறும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல் தீர்ப்பளித்தது. மதுரையிற் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் அவர்களுக்கு அதே 2019 இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. ஒரு குரு தம் வாசலைத் திறந்து வைத்தமையால் ஒரு கலை மரபு பயன் பெற்றது.

சட்டம் கதவின் பூட்டைத் திறக்கலாம். உள்ளே வருபவரை வாருங்கள் என்று அழைப்பது சட்டத்தால் ஆகாது. அதை ஊரவர்தான் செய்ய வேண்டும்.

திருப்புன்கூரும் தில்லையும்

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் நாயனாரின் வரலாறு இக்கேள்விக்கு நல்லதொரு விளக்கம் தருகிறது. ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த நந்தனார், கோயில்களின் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே ஒலித்தது. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் வாசலில் நின்று இறைவனைக் காண விரும்பியபோது நந்தி குறுக்கே மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் செய்து தரிசனம் கொடுத்தான். தில்லையிலோ நந்தனார் உள்ளே செல்லத் துணியாமல் ஊரெல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறைவன் கனவில் உணர்த்திய வண்ணம் தீயினுள் மூழ்கி, முனிவர் வடிவோடு எழுந்த பின்னரே அங்குள்ளோர் அவரைக் கும்பிட்டு ஏற்றனர்.

இவ்விரு தலங்களிலும் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்றில் அடியவர் அவராகவே நின்றார்; தடையாய் இருந்தது விலகியது. மற்றொன்றில் தடை அப்படியே இருந்தது. அடியவரே உருமாற நேர்ந்தது. தில்லையில் நிகழ்ந்தது திருவருளின் அற்புதம். மனிதர் அதை ஒரு நிபந்தனையாக்கி மற்றவர் மீது சுமத்தினால் அது வெறும் தீயாகவே எரியும். ‘நீ மாறி வா, பிறகு சேர்த்துக்கொள்கிறோம்’ என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்லும் வீடும் ஊரும் அந்தத் தீயையே மூட்டுகின்றன. அத்தீயிலிருந்து எல்லோரும் எழுந்து வருவதில்லை. ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு, உயிரையே விட்டவர்களும் உண்டு. மனிதரால் இயலுவது திருப்புன்கூரின் வழியே. மறைத்து நிற்பவர் சற்று விலகி நின்றாற் போதும்.

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. சாதியின் பெயரால் பொது இடங்களிலும் ஆலயங்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார்கள் மறித்து நிறுத்தப்பட்டனர். அன்று மறித்தவர்களும் ஆகமம், வழக்கம், ஊரின் மரியாதை என்றே காரணம் கூறினர். இன்று அந்தக் காரணங்களைச் சபையில் எழுந்து உரக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. இன்றைய காரணங்களையும் பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்டுத் தலைகுனியாதிருக்க வேண்டும்.

பொறுத்துக்கொள்ளலும் உரிமையாக்கலும்

‘வந்தால் வரட்டும், யார் தடுத்தது?’ என்பது பொறுத்துக்கொள்ளல். ‘இன்னும் வரவில்லையே, ஏன்?’ என்று தேடுவது உரிமையாக்கல். முதலாவதால் ஒருவர் கோயிலுக்குள் வந்து போகலாம். அது தமது கோயில் என்று அவர் உணர்வதற்கு இரண்டாவது வேண்டும். அதற்குப் பெரிய செலவோ புதிய விதிகளோ தேவையில்லை.

அர்ச்சனை செய்யும்போது குருக்கள் கேட்பது பெயரும் நட்சத்திரமும். ஒருவர் தமக்குரியதாகச் சொல்லும் பெயரையே சொல்லிச் சங்கற்பம் செய்தால் அவருடைய பாதிப் பாரம் அவ்விடத்திலேயே இறங்கிவிடும். மருணீக்கியார் என்று பெற்றோர் இட்ட பெயர் இருக்க, இறைவன் தந்த நாவுக்கரசர் என்னும் பெயராலேயே சைவ உலகம் அவரை அழைக்கிறது. பெயர் மாறியவரைப் புதுப் பெயரால் அழைப்பது சைவர்களுக்குப் பழக்கமில்லாத காரியமன்று.

ஆண்கள் மேலங்கி களைந்து உள்ளே வருவதும், ஆண்கள் பிரதட்டை செய்யப் பெண்கள் அடியழிப்பதும் ஆலய வழக்கங்கள். இவ்வழக்கங்களைக் குலைக்க வேண்டியதில்லை. திருநங்கை ஒருவரைப் பெண்களோடு நின்று பாற்செம்பு எடுக்க விட்டாற் போதும். அவரை ஆண்கள் பக்கம் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வதும் வாசலோடு திருப்பியனுப்புவதும் ஒன்றே. திருநம்பி ஒருவர் மேலங்கியோடு வந்து நின்றால் அதற்காக அவரைப் பலர் முன்னிலையில் அதட்டாதிருத்தலும் அவ்வாறானதே. ஒரே வீட்டில் துணையாக வாழும் இருவர் தம் பெயர்களைச் சேர்த்து ஒரு நாள் அன்னதானத்துக்கு உபயம் தர முன்வந்தால் அந்த உபயத்தை மற்ற உபயங்களைப் போலவே ஏற்றல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, தொண்டில் இடம் கொடுக்க வேண்டும். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவரான தண்டியடிகள் நாயனார், குழியிலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவி நடந்தே திருக்குளத்தின் மண்ணை அள்ளிக் கொட்டினார். எள்ளியவர்கள் இருந்தார்கள். அவருக்குக் கண்பார்வை கிடைத்தது பின்னர்; தொண்டுக்கு உரியவர் ஆனது அதற்கு முன்னர். எவர் குறையுடையவர் என்று தீர்மானிப்பதற்கு முன், அவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பதே சைவம் காட்டும் வழி. மடப்பள்ளியில் காய்கறி நறுக்கவும், மாலை கட்டவும், பண்ணிசை பயிற்றவும் கைகளுக்கு என்றும் தேவை இருக்கிறது. சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் கேலி நெடுநாள் நிலைப்பதில்லை.

ஆலயத்துக்கு அடுத்தது வீடு. தந்தையின் மரணச் செய்தி கேட்டு வரும் பிள்ளையை ஒழுங்கை முடக்கில் நிறுத்திவைத்து, கொள்ளி வைக்க வேறொருவரைத் தேடும் வீடுகள் உண்டு. சபையில் மானம் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இறந்தவரின் ஆன்மா சாந்தியடையச் செய்யும் கிரியையில், அவர் பெற்ற பிள்ளையின் கண்ணீருக்கு இடமில்லையெனில் அந்தக் கிரியை எவருக்காக? அத்தகைய வேளையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து சென்று, ‘உள்ளே வா பிள்ளை’ என்று கையைப் பிடித்து அழைத்து வந்தால் அந்த ஊரின் வழக்கம் அன்றே மாறத் தொடங்கும். பெற்றோர் அஞ்சுவது ஊருக்குத்தான். ஊர் அஞ்சாதே என்று சொன்னால் பெற்றோர் தம் பிள்ளையை மறைத்து வைக்கமாட்டார்கள்.

சைவ மக்கள் அறிய வேண்டிய உண்மை எளியது. ஆன்மாவுக்கு ஆண், பெண் என்னும் அடையாளம் இல்லை, இறைவனுக்கும் இல்லை. இடையில் நிற்கும் மனிதர் தாம் அறிந்த அடையாளங்களைக் கொண்டு வாசலை மறைக்கின்றனர். நந்தியெம்பெருமான் இறைவனுக்கு மிக அண்மையில் இருப்பவர். அவரே ஓர் அடியவருக்காக விலகினார். அவரினும் அண்மையில் இருப்பதாக எவரும் எண்ண வேண்டியதில்லை.

வருகின்ற மகோற்சவத்தில் தேர்வடத்தில் இன்னும் சில கைகள் சேரட்டும். வராதிருந்த பிள்ளைகள் தம் வீட்டு வாசலையும் கோயில் வாசலையும் அச்சமின்றி மிதிக்கட்டும். அதற்கு எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்.